ஸ்லோ நிற்காத யூனிகார்னும் திருவட்டாற்று ஒர்க்ஷாப்பும்

முந்தைய ஓனர் மாட்டிவிட்ட சைலன்சர், கோன் ஃபில்டர் (கூம்பு வடிவத் திறந்த காற்று வடிகட்டி), அகலமான ஹேண்டில்பார் எல்லாவற்றோடும் பழைய வண்டி வாங்கி, "ஸ்லோ நிக்க மாட்டேங்குது" (ரேஸ் கொடுக்காமல் விட்டால் எஞ்சின் சீராக ஓடாமல் அணைகிறது) என்று கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவட்டாற்றிலிருந்து குலசேகரம் போகும் சாலையில் ஒரு சின்ன ஒர்க்ஷாப் இருக்கிறது. உள்ளே இரண்டு வண்டி நின்றாலே இடம் நெருக்கம். அதை நடத்துகிறவரை அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். சொன்ன நேரத்துக்கு வண்டி தருவதில் மூன்றுதான்.

எனக்குப் பால்வெட்டு வேலை. விடியும் முன்பே ரப்பர் தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். சரிவில் வண்டியை ஸ்லோவில் நிறுத்திவிட்டு ஹெட்லைட் வெளிச்சத்தில் கேட்டைத் திறப்பேன். அங்கே எஞ்சின் அணைந்தால் கண்முன்னே இருக்கிற வழியும் தெரியாது. ஆகவே ஸ்லோ நிற்பது எனக்கு ரொம்ப முக்கியம்.

நான் வாங்கியது ஹோண்டா யூனிகார்ன் பைக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க கார்புரேட்டர் உள்ள பழைய மாடல். காலையில் சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகி அழகாக நிற்கும். சோக்கை எடுத்ததும் தடுமாறும். சூடேறிய பிறகு இன்னும் மோசம். மார்த்தாண்டம் மேம்பாலத்தைத் தாண்டி நெரிசலில் நின்றால், ரேஸ் தானாக ஏறி இரையும், அடுத்த நிமிடம் அணையும். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும். முதலில் போன வேறொரு கடையில் ஸ்லோ ஸ்க்ரூவை நன்றாக ஏற்றிவைத்து அனுப்பினார்கள். அணைவது குறைந்தது. ஆனால் பிரேக் பிடித்தாலும் வண்டி முன்னே தள்ளிக்கொண்டே போனது.

ஆசான் என் கதையைக் கேட்டுவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "ஸ்க்ரூவ இப்ப தொடாண்டாம் தம்பி. சோக்குல நிக்குது, எடுத்தா நிக்கல. அப்ப எங்கயோ காத்து கூடுதலா ஏறுது." சோக் போட்டால் பெட்ரோல் விகிதம் கூடும். அப்போது மட்டும் வண்டி நன்றாக ஓடுகிறது என்றால், மற்ற நேரத்தில் கலவை மெலிந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டியது வெளிறிக் கிடந்தது.

எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினார். இடப்பக்கம் முழுசாகத் திருப்பியதும் ரேஸ் ஏறியது. அகலமான ஹேண்டில்பாருக்குப் பழைய ஆக்சிலேட்டர் கேபிள் எட்டவில்லை, இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டர் பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டுமாம். என் வண்டியில் சுத்தமாக இல்லை. கேபிள் போகும் வழியை மாற்றிக் கட்டியதுமே அந்தக் கோளாறு தீர்ந்தது.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த மனிதர்மேல் முழு நம்பிக்கை வந்தது. செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, எஞ்சின் ஹெட்டையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பரில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். அடிப்பக்கம் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறியது. கழற்றி வளைத்துப் பார்த்தால் உள்பக்கமாக மயிரிழை விரிசல். ஒரிஜினல் ஏர் பாக்ஸ் (ஃபில்டர் உட்காரும் மூடிய பெட்டி) இருந்தால் கார்புரேட்டரை அதுவும் பின்னாலிருந்து தாங்கும். அதைக் கழற்றிவிட்டு வெறும் கோனை மாட்டியதால் மொத்த ஆட்டமும் அந்த ஒற்றை ரப்பர் மேல் விழுந்திருக்கிறது.

கோன் ஃபில்டர் போட்டாலே ஸ்லோ போய்விடும் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். ஆசான் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்லோவில் பட்டர்ஃபிளை (கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியே இருக்கும், அப்போது எஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான், அந்த நேரத்தில் ஃபில்டர் அகலத்தைவிட இந்த விரிசல்தான் அதிகம் கெடுக்கும் என்றார். கோன் படுத்துவது ரேஸ் கொடுக்கும்போது. யூனிகார்னில் உள்ளது, தனக்குள்ளே இருக்கும் சின்ன பிஸ்டன் வெற்றிடத்தால் மேலெழும் கார்புரேட்டர். ஏர் பாக்ஸுக்குள் காற்று அடங்கி நின்றால்தான் அது சீராக ஏறி இறங்கும். ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடி மாதம் குறுக்குக் காற்று அடிக்கும்போது கோன் போட்ட வண்டி திக்குவதை நானே அனுபவித்திருக்கிறேன். போதாததற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. திறந்து கிடக்கும் ஃபில்டர் நனையாமல் இருப்பதே கஷ்டம். இப்போது பங்கில் கிடைக்கிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் கார்புரேட்டர் வண்டியில் கலவையை இன்னும் கொஞ்சம் மெலிய வைக்கும். ஆகவே பழைய ஏர் பாக்ஸையே திரும்ப மாட்டச் சொன்னேன்.

சைலன்சர் வெடிப்புக்குக் காரணம் வேறு. மாட்டும்போது, குழாய் எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் பழைய கேஸ்கெட்டையே மறுபடி வைத்து முறுக்கியிருக்கிறார்கள். ஒருமுறை நசுங்கியது இரண்டாம் முறை சரியாக அடைக்காது. அந்த இடுக்கில் வெளிக்காற்று நுழைந்து, எரியாத மிச்சம் குழாய்க்குள் வெடிக்கிறது. சைலன்சர் வாயைத் துணியால் ஒரு கணம் பொத்தியதும் ஹெட் பக்கம் "தஸ்" என்று கேட்டது. அதே சைலன்சரை வைத்துக்கொள்வதானால் ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டிவரலாம் என்றார். எனக்கு விடியற்காலையில் அந்தச் சத்தத்தோடு ஊருக்குள் போக மனமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவில் அதிக சத்தத்துக்கு அபராதமும் இருக்கிறது. நாகர்கோவிலில் பழைய பார்ட்ஸ் கடையில் ஒரிஜினல் சைலன்சர் 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது.

ஸ்க்ரூவுக்கு வந்தது கடைசியில்தான். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பட் இடைவெளி (வால்வுகளுக்கு விட வேண்டிய சின்ன இடைவெளி) பார்த்தார். பைலட் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தார். பிறகு வண்டியைச் சூடேற்றி, பிளக் ஒயரில் மீட்டர் மாட்டி, கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவையும் ஸ்லோ ஸ்க்ரூவையும் மாறி மாறித் திருப்பி எஞ்சினை நிமிடத்துக்கு 1,400 சுற்றில் நிறுத்தினார். ஒன்று கவனியுங்கள்: மிக்சர் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால், வெளியே திருப்பும்போது பெட்ரோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போது காற்று கூடும். இது தெரியாமல் திருப்புகிறவர்கள் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கூலி 650 ரூபாய். ரப்பர், கேஸ்கெட், ஃபில்டர் தனி. மாற்றியதை எல்லாம் ஒரு கவரில் போட்டுத் தந்தார். இப்போது தோட்டச் சரிவில் வண்டி சோக் இல்லாமல் நிற்கிறது, லைட்டும் ஒரே மாதிரி எரிகிறது.

குறையும் உண்டு. சாயங்காலம் தருகிறேன் என்றால் மறுநாள் மதியம் ஆகும். வேலையில் இருக்கும்போது போன் எடுக்கவே மாட்டார். பில் எழுதித் தரும் வழக்கமும் இல்லை, கேட்டால் வாயால் கணக்குச் சொல்வார். ஸ்பேர் பார்ட்ஸ் கையிருப்பு கிடையாது, நீங்களேதான் வாங்கி வர வேண்டும். டேப்பட் பார்க்க எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பதால், வண்டியை முதல் நாள் மாலையே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போவதுதான் நல்லது.