ஜூடோ, மல்யுத்த விரிப்புக்கு எந்தக் கிருமிநாசினி: யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணியோடு ஓர் ஒப்பீடு

வீட்டு விறாந்தையில் விரிப்புப் போட்டு ஜூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு பழகுகிறவர்கள் அதைத் துடைக்க யாழ்ப்பாணத்தில் வாங்கக்கூடியவை நாலு: பிளீச், பென்சல்கோனியம் குளோரைட் கலந்த நிலம் துடைக்கும் திரவம், டெட்டோல், 70 வீத அல்கஹோல். அன்றாடத்துக்கு இரண்டாவது. யாருக்காவது படர்தாமரையோ சீழ்க்கட்டியோ வந்துவிட்டால் முதலாவது. டெட்டோலை விரிப்புக்கு வாங்க வேண்டாம். அல்கஹோல் சின்ன இடங்களுக்கு மட்டும்.

பென்சல்கோனியம் திரவத்தின் பெரிய நன்மை, அது ரெக்சின் உறையையும் கெடுக்காது, துண்டுகளைப் பற்களால் கோர்த்துப் போடும் பசில் விரிப்பின் ஈ.வி.ஏ (ஒரு வகைப் பிளாஸ்டிக் நுரை) ஸ்பொஞ்சையும் கெடுக்காது என்பது. மணமும் மூக்கைத் துளைக்காது. ஆனால் நம்மூரில் அதற்கு மூன்று எதிரிகள் உண்டு. முதலாவது கிணற்றுத் தண்ணி. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பதால் தண்ணியில் கல்சியமும் மக்னீசியமும் கூட. அவை இந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். போத்தலில் எழுதிய அளவை அப்படியே கிணற்றுத் தண்ணியில் கலந்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று போத்தலைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மழைத்தண்ணியோ கானில் வாங்கும் உப்பு நீக்கிய (RO) தண்ணியோ எடுங்கள். 12 சதுர மீற்றர் விரிப்புக்கு ஒன்றரை லீற்றர் போதும், செலவு பெரிதல்ல.

இரண்டாவது எதிரி சவுக்காரம். சவுக்காரத்தின் மிச்சம் விரிப்பில் இருந்தால் பென்சல்கோனியம் அதோடு சேர்ந்து செயலிழந்துவிடும். போதாததற்கு, நம் கிணற்றுத் தண்ணியில் சவுக்காரம் நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகப் படியும். ஆகவே முன்கழுவலுக்குச் சவுக்காரத்தை விட்டுவிட்டு, ஒரு வாளி தண்ணிக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி விட்டுத் துடைத்து, பிறகு வெறுந்தண்ணியால் இரண்டு தரம் துடைக்க வேண்டும். இந்தக் கழுவலைத் தவிர்க்க முடியாது. வியர்வையும் தோற்செதிலும் படிந்திருந்தால் எந்த மருந்தும் அடியில் இருக்கும் கிருமியைத் தொடாது. மூன்றாவது எதிரி பருத்தித் துணி. பழைய சாரத்தைக் கிழித்துத் துடைத்தால் மருந்தின் பெரும்பங்கை நூலே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மைக்ரோபைபர் மொப் வாங்குங்கள்.

அதன்பின் நேரம். லேபலைப் பாருங்கள், பெரும்பாலும் பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்றிருக்கும். மின்விசிறி சுழலும் அறையில் ஒரு தடவை தடவியது அவ்வளவு நேரம் நிற்காது. விசிறியை நிறுத்தி, காயத் தொடங்கும் இடத்தில் மறுபடி தடவுங்கள். நேரம் முடிந்தபின் காற்றோட்டம் எவ்வளவும் விடலாம்.

பிளீச்சைக் கிணற்றுத் தண்ணியின் கல்சியமும் மக்னீசியமும் அவ்வளவாகப் பாதிக்காது. அந்த வகையில் அது நம்மூருக்கு ஏற்றது. 5 வீதப் பிளீச் என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், அதாவது ஒன்றேகால் மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட. ஏறக்குறைய 0.1 வீதக் கரைசல் கிடைக்கும். பத்து நிமிடம் விட்டு, வெறுந்தண்ணியால் துடைத்தெடுங்கள். துடைத்தெடுக்காவிட்டால் ரெக்சின் விறைத்து வெடிக்கும், உடுப்பில் வெளிறிய புள்ளி விழும். கரைத்தது ஒரு நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. போத்தலும் வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். கடை வாசலில் வெயில் படும் தட்டில் இருப்பதை எடுக்காதீர்கள், தயாரித்த திகதியையும் பாருங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஒரே வாளியில் இரண்டும் படவே கூடாது. கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைக் கரைத்துப் பாவிக்கும் யோசனையும் வேண்டாம். அதன் வீரியம் வேறு, அளவு பிழைக்கும், வெண்படிவும் மிஞ்சும்.

டெட்டோலில் இருப்பது 4.8 வீதக் குளோரொக்சைலெனோல்; பைன் எண்ணெயும் சவுக்காரமும் கூட. கிணற்றுத் தண்ணியில் அந்தச் சவுக்காரம் பிசுக்காகும், எண்ணெய்ப்பசை விரிப்பில் தங்கும், அந்தப் பசையில் புழுதி ஒட்டும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் மோசம். இவ்வகைப் பொருட்கள் பூனைக்கு நஞ்சு. வினாகிரி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது கிருமிநாசினியல்ல. வேப்பிலை, மஞ்சள் தண்ணியும் அப்படித்தான், மஞ்சள் மட்டும் ஸ்பொஞ்சில் நிரந்தரமாக நிற்கும்.

அல்கஹோலை ஆஸ்பத்திரி வீதி மருந்துக்கடைகளில் வாங்கலாம். இரத்தத்துளி விழுந்த இடம், பசில் விரிப்பின் பல்லிடுக்கு என்பவற்றைத் துடைக்க நல்லது. முழு விரிப்புக்கும் அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் ஆவியாகிவிடும், நாளடைவில் ரெக்சினும் வரண்டு கீறும். சாமியறை விளக்குக்குக் கிட்ட அடிக்கவே வேண்டாம்.

எந்தத் திரவமானாலும் பசில் விரிப்பில் தவறிப்போவது இணைப்புகள்தான். வியர்வை அதற்குள் இறங்கிச் சீமெந்து நிலத்தில் தேங்கும். கிழமைக்கு ஒரு தரம் கழற்றி இரண்டு பக்கமும் துடைத்து, சுவரோடு சாய்த்து நிழலில் காயவிடுங்கள். மதிய வெயிலில் போட்டால் ஈ.வி.ஏ சுருங்கும், பற்கள் பிறகு ஒன்றோடொன்று பொருந்தா. கார்த்திகை, மார்கழி மழைக்குள் நிலமே ஈரம் கசியும். அந்தக் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு தரம் தூக்கி வைக்காவிட்டால் அடியில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். சுருட்டும் வகை ரெக்சின் விரிப்பை ஈரத்தோடு சுருட்டாதீர்கள். கீறி ஸ்பொஞ்ச் தெரியும் இடத்தை எந்த மருந்தாலும் சுத்தமாக்க முடியாது, அந்தத் துண்டையே மாற்றுங்கள்.

கரைத்து மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பிள்ளைகள் தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடுவார்கள். மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்; மூலப் போத்தலைப் பெயர் தெரிய, எட்டாத உயரத்தில் வையுங்கள்.