சூடும் ஈரமும் சேர்ந்தால் எது தாங்கும்? நார் கலந்த மக்கும் பிளாஸ்டிக்குகள் ஓர் ஒப்பீடு

தாவர நார் கலந்த மக்கும் பிளாஸ்டிக்கில் பொருள் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் "எந்த நார் போடலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். பிளாஸ்டிக்கை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். தண்ணீரை உள்ளே இழுப்பது நார்தான். ஆனால் மீட்கவே முடியாத சேதம் அதிகம் நடப்பது பிளாஸ்டிக்கில்.

விறைப்பு வேண்டுமென்றால் எல்லோரும் எடுப்பது பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற மக்கும் பிளாஸ்டிக். அதன் சிக்கல் 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அங்கே அது இறுக்கம் தளர்ந்து இளகும். ஈரம் ஊறியிருந்தால் அதற்கும் முன்பே. இளகிய பிளாஸ்டிக்கில் தண்ணீர் வேகமாகப் பரவி, மூலக்கூற்றுச் சங்கிலியின் கண்ணிகளைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை அறுக்கிறது. அறுந்த இடத்தில் உருவாகும் அமில முனை அடுத்தடுத்த அறுப்பைத் துரிதப்படுத்துகிறது. தடித்த துண்டில் அந்த அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குவதால், மேல்பரப்பு நன்றாக இருக்கும்போதே நடுப்பகுதி சிதையலாம். குட்டையான சங்கிலிகள் சுலபமாகப் படிகமாக அடுக்கிக்கொள்ளும். தெளிவாக இருந்த துண்டு வெள்ளை பூத்துப்போய், வளைத்தால் வளையாமல் படக்கென ஒடியும்.

பிபிஎஸ் (பாலிபியூட்டிலீன் சக்சினேட்) என்ற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக் அப்படித் திடீரென்று சரியாது. அது இளகும் எல்லை சுமார் மைனஸ் 30 டிகிரி. உருகுவதோ 115 டிகிரி அருகே. அதனால் 60 டிகிரியைத் தாண்டும்போது பெரிய மாற்றம் தெரியாது. தொடக்கத்திலேயே விறைப்பு குறைவு, சரி, அதை நார் ஓரளவு ஈடுகட்டும். இதிலும் சங்கிலியைக் கோப்பது எஸ்டர் பிணைப்புகள்தான் என்பதால் வெந்நீரில் நெடுநாள் கிடந்தால் சிதையும். மூன்றாவது மக்கும் பிளாஸ்டிக்கான பிஎச்பிவி வெறும் நீரில் மெதுவாகத்தான் அறுபடும், ஆனால் சும்மா வைத்திருந்தாலே படிகம் கூடி நொறுங்கும் தன்மை வந்துவிடும். அடி வாங்கும் பொருளுக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அப்புறம் நார். ஆளி (ஃபிளாக்ஸ்) செடியின் நாரில் செல்லுலோஸ் இழைகள் நாரின் நீளவாக்கிலேயே ஓடுவதால் வலிமை அதிகம். ஆனால் 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றிலேயே அது தன் எடையில் சுமார் 12 சதவீதம் நீரை ஏற்கும். ஏற்றதும் நீளாது, பக்கவாட்டில் உப்பும். உப்பும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் நுண்விரிசல் விழும். காயும்போது நார் சுருங்கி இடைவெளி விடும். அடுத்த முறை தண்ணீர் அந்த இடைவெளி வழியாகவே ஓடும். நனைந்து காய்ந்து, மறுபடி நனையும் இடங்களில் இந்தச் சேதம் சுற்றுக்குச் சுற்று கூடுகிறது.

தேங்காய் நாரில், செடிக்கு மரம்போன்ற இறுக்கம் தரும் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல். நுண்ணுயிர்களை அது நன்றாகத் தாங்கும், வலிமையில் ஆளியை நெருங்காது. பாரம் தாங்க வேண்டுமென்றால் ஆளிதான், அதுவும் பதப்படுத்தி. காரக் கரைசல் நாரின் மெழுகையும், செல்லுலோஸ் இழைகளைச் சூழ்ந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸையும் நீக்கிச் சொரசொரப்பாக்கும்; சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள் நாரையும் பிளாஸ்டிக்கையும் பிணைக்கும். இரண்டும் நீர் புகுவதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. காரம் மிஞ்சினால் நாரே பலமிழக்கும்.

சூடும் ஈரமும் உள்ள இடத்துக்கு என் தேர்வு, பதப்படுத்திய ஆளி நாரோடு பிபிஎஸ். 50 டிகிரியை எட்டாத, பெரும்பாலும் உலர்ந்த இடம் என்றால் பிஎல்ஏ போதும்.

எதை எடுத்தாலும், ஊறவைத்த துண்டை முழுக்க உலர்த்தி மறுபடி எடையும் விறைப்பும் பாருங்கள். விறைப்பு திரும்பினால் நீர் மென்மையாக்கியிருக்கிறது, அவ்வளவே. எடை தொடக்கத்தைவிடக் குறைந்தால் பொருளே கரைந்து வெளியேறியிருக்கிறது. பிஎல்ஏவை 70 டிகிரியில் சோதித்து, அந்தக் கணக்கை வைத்து 30 டிகிரியில் அதன் ஆயுளைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். நடுவில் இளகும் எல்லை இருக்கிறது; அதற்கு மேலே நடக்கும் வேகத்தை வைத்து கீழே நடப்பதைக் கணக்கிட முடியாது.