பனிமலை ஓட்டச் சாமான்கள்: கிருஷ்ணகிரி வெயிலில் எது தாங்கும், எது தாங்காது

லடாக், இமாச்சல் பக்கம் குளிர்கால மலை ஓட்டத்துக்காக வாங்கும் சாமான் பனியைப் பார்ப்பது வருஷத்தில் சில நாள்தான். மீதி நாளெல்லாம் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரண்மேல் கிடக்கும். பல சாமான் கெடுவது பனியில் இல்லை, அந்தப் பரணில்தான்.

முதலில் மைக்ரோஸ்பைக். ஷூவுக்கு மேல் மாட்டும் ரப்பர் பட்டை, அடியில் சங்கிலி, சுமார் 1 செ.மீ. நீள எஃகு முள். 2023 பிப்ரவரியில் பாங்காங் ஏரியின் உறைந்த பரப்பில் 21 கி.மீ. ஓட்டம் நடந்ததே, அந்த மாதிரி வழுக்குத் தரையில் இது இல்லாமல் வேலைக்கே ஆகாது. முள் வருஷக்கணக்கில் உழைக்கும். முதலில் போவது ரப்பர். சங்கிலி வளையம் நுழையும் ஓட்டைகளைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான், ஒட்டிப் பார்ப்பதெல்லாம் வீண். கழுவி, ஈரம் போகத் துடைத்து, ரப்பரில் டால்கம் பவுடர் தடவி, வெயில் படாத அலமாரியின் அடித்தட்டில் வைத்தால் நன்றாக வரும்.

கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைப் பாறையில் இதை மாட்டிப் பழக நினைக்காதீர்கள். கருங்கல் முள்ளை மழுக்கிவிடும். மழுங்கியதைத் தட்டை அரத்தால் கையாலேயே ராவ வேண்டும். கிரைண்டரில் கொடுத்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

ஊரிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குளிர்ச்சியான ஊரான தளியில் மார்கழி விடியலில்கூடத் தண்ணீர் உறையாது. ஆனால் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி வரை போகும். ராத்திரி முழுக்க மைக்ரோஸ்பைக்கை அதில் வைத்து, காலையில் தடித்த கையுறையோடு மாட்டிப் பாருங்கள். ரப்பர் விறைத்திருக்கும். முன்பக்கத்தை முதலில் நுழைத்து, குதிகால் பக்கம் பிடித்து இழுக்க இருக்கும் ரப்பர் காதை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். முன்பட்டை கால்விரலை அழுத்தினால் அளவு சரியில்லை. ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். ஓட்டத்தில் தின்னக் கொண்டுபோகும் கடலை மிட்டாயையும் கூடவே வைத்துப் பார்க்கலாம், பல் இறங்காது. போகும்போது சின்னத் துண்டுகளாக உடைத்து உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைப்பதே வழி.

மழை ஜாக்கெட்தான் பணத்தை விழுங்கும். பாலியூரிதேன் பூச்சு உள்ளவை சூடும் ஈரமும் சேர்ந்தால் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்து, தையல்மேல் ஒட்டிய நாடாவோடு உரியும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. மழைக்காலத்தில் நனைந்ததை மடித்துத் திணிப்பதே பெரும்பாலும் காரணம். நன்றாக உலர்த்தி ஹேங்கரில் தொங்க விடுங்கள். வெளிப்பக்கம் தண்ணீர் உருளாமல் ஊறுவது வேறு கோளாறு, இது சரியாகும்: வாசனை சோப்புத் தூள் இல்லாமல் அலசி, காய்ந்தபின் மேலே துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி (முதலில் லேபிளைப் பார்த்துவிடுங்கள்).

உள்ளே போடுவது கம்பளியோ பாலியஸ்டரோ இருக்கட்டும். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்து, நின்ற மாத்திரத்தில் உடம்பை உறைய வைக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் அரை மணியில் நனைந்துவிடுவீர்கள். தடித்த சாக்ஸுக்கு இடம் விட்டு ஷூ அரை அளவு பெரிதாக வாங்குவது நல்லது. குளிரில் அடிமெத்தை பலகை மாதிரி இறுகும், ஆகவே வத்தல்மலை இறக்கத்தில் மெத்தென்று இருந்ததை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

முதுகுத் தண்ணீர்ப்பையின் குழாய் வாய்முனையில்தான் முதலில் உறையும். குடித்த கையோடு ஊதி, குழாயில் உள்ள நீரைப் பைக்கே திருப்பி அனுப்புங்கள். பாட்டில் என்றால் வெந்நீர் ஊற்றித் தலைகீழாக வைக்க வேண்டும். மேல்மட்டம்தான் முதலில் உறையும், மூடிப்பக்கம் திறந்திருக்கும்.

தலைவிளக்கின் லித்தியம் அயான் பேட்டரி கடுங்குளிரில் வீட்டில் நின்ற நேரத்துக்கு நிற்காது. மாற்று பேட்டரியை உள்பையில் வையுங்கள். சுழியத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போட்டால் அதன் ஆயுளே போய்விடும். அறைக்கு வந்து சூடேறியபின் போடுங்கள்.