அடுக்கடுக்கான ஜேசன் தரவுக்கு ஜேக்யூ: ஒரு மதிப்புரை

கட்டளை வரியிலிருந்தே ஜேசன் (JSON, பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் உரை வடிவம்) தரவைப் பிரித்தெடுக்க உதவும் ஜேக்யூ (jq), ஸ்டீஃபன் டோலன் உருவாக்கி 2012இல் வெளிவந்த இலவச மென்பொருள். பட்டியலுக்குள் பட்டியலாக அமைந்த தரவைச் சுற்றிவர, பைத்தான் நிரல்மொழியில் ஒன்றுக்குள் ஒன்றாக ஃபார் லூப்கள் (ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே வேலையைத் திரும்பச் செய்யும் கட்டளைகள்) எழுத வேண்டிய இடத்தில் இதற்கு ஒரே வரி போதும். எல்லா ஆர்டர்களிலும் உள்ள ஒவ்வொரு பொருளின் விலையையும் எடுக்க, ."ஆர்டர்கள்"[]."பொருட்கள்"[]."விலை" என்று எழுதினால் போதும். ஒவ்வொரு [] குறியும் ஒரு லூப்பின் வேலையைச் செய்கிறது. தரவின் கீ (மதிப்புக்கு இடப்பட்ட பெயர்) தமிழில் இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம்.

எனக்கு மிகவும் பிடித்தது கேள்விக்குறி வசதி. ஏதேனும் ஓர் ஆர்டரில் பொருட்களின் பட்டியலுக்குப் பதிலாக நல் (null, மதிப்பு இல்லை என்பதன் குறி) இருந்தால், ஜேக்யூ பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும், []? என்று மாற்றினால் அந்த ஆர்டரை மட்டும் விட்டுவிட்டு மேலே செல்லும். ஆனால் இதைக் கண்ட இடத்திலெல்லாம் போட்டால் உண்மையான தரவுப் பிழைகளும் கண்ணில் படாமல் போய்விடும் என்பதால், மதிப்பு விடுபட வாய்ப்புள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்துவதே முறை.

2023இல் வந்த 1.7க்கு முந்தைய பதிப்புகளில், 9007199254740993 என்ற அடையாள எண் 9007199254740992 என மாறி வெளிவரும். பணப் பரிவர்த்தனைத் தரவைக் கையாள்வோர் அப்பதிப்புகளை வைத்திருக்கவே கூடாது. மிகப் பெரிய கோப்பையும் இயல்பாக முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றிக்கொள்வது இன்னொரு குறை. கோப்பைச் சிறிது சிறிதாகப் படித்து அதைத் தவிர்க்கும் ஸ்ட்ரீம் வசதி பழகுவதற்குக் கடினமானது. ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று தரவைப் பரிமாற உதவும் இடைமுகம்) தரும் பதிலைப் பிரித்துப் பார்க்க ஜேக்யூவையே முதலில் எடுக்கிறேன். நிபந்தனைகளும் கணக்குகளும் கூடும்போது பைத்தானே எனக்கு வசதி.