அரப்பும் அதன் திப்பியும்

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அன்றிலிருந்து மதினி விடாமல் கேட்கிறார்: "ஷாம்புதான் விலை இறங்கிருச்சே, இன்னும் எதுக்கு அந்த இலைப்பொடியக் கட்டிக்கிட்டு அழுகுற?" நியாயமான கேள்விதான். அவர் சொல்வது அரப்பை, ஷாம்புவுக்குப் பதிலாக நான் தலைக்குத் தேய்க்கும் உசில மர இலைப்பொடியை. அவருக்கும் என்னைப் போலவே ஸ்ட்ரெயிட்டனிங் செய்து நுனி பொசுங்கிய முடி. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பொசுங்கிய முடியை எந்தப் பொருளும் பழையபடி ஆக்காது. தலைத்தோலை விட்டு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது, வெடித்த நுனி திரும்ப ஒட்டாது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், கெட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வர வேண்டியதுதான். அதுவரை இருப்பது உடையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது. 'ரிப்பேர் ட்ரீட்மென்ட்' என்று 4,000 ரூபாய் வாங்கிய பார்லரில் இதை ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பளபளப்பு சில வாரங்களில் கழுவிக்கொண்டு போய்விட்டது. கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உடையாமல் காப்பதில் அரப்பை மிஞ்ச மற்றொன்றை நான் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் போர் தண்ணி உப்பு. அதில் ஷாம்பு போட்டால் முடி தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொள்ளும். உசில மர இலைப்பொடியை வடித்த கஞ்சியில் கெட்டியாகக் கரைத்து, சற்று ஊறவிட்டுத் தேய்த்தால் வழவழவென்று இறங்குகிறது. ஈர முடியிலேயே பெரிய பல் சீப்பு தடையில்லாமல் போகிறது, சிடுக்கே இல்லை. கண்டிஷனர் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். நுரை குறைவுதான், ஆனால் எண்ணெயை முழுக்கச் சுரண்டி எடுக்காது. முந்தின ராத்திரி வைத்த தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தங்குகிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் எண்ணெய் விற்கும் கம்பெனிக்காரர்கள்தான். இருந்தாலும் என் சீப்பில் வரும் உடைந்த முடி குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் அந்தத் திப்பி! கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கினால் காம்பும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள். சரி என்று இலையாக வாங்கி, காம்பு பொறுக்கி, மொட்டைமாடியில் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோனேன். சீயக்காய் மிஷினில் எனக்கு முன்னால் யாரோ அரைத்த பூலாங்கிழங்கும் வெந்தயமும் சேர்ந்தே வந்தது. அம்மாச்சி சொன்னபடி பழைய வேட்டித் துணியில் வஸ்திரகாயம் செய்தால், அதாவது துணியில் கட்டிச் சலித்தால், தூள் மைபோல இறங்கும், ஆனால் கால் கிலோவுக்கு ஒரு மதியம் போய்விடும். அப்படியும் தலை காய்ந்த பிறகு கழுத்திலும் தலையணையிலும் பச்சைத் தூள் உதிர்கிறது. குண்டு மல்லி வைத்துக்கொண்டால் வெள்ளைப் பூவெல்லாம் புள்ளி புள்ளியாக ஆகிவிடுகிறது. மதுரையில் இருந்துகொண்டு பூ வைக்க யோசிக்க வேண்டியிருப்பது எனக்குப் பெரிய குறைதான். கண்ணில் பட்டால் எரிச்சல் வேறு. அலசி முடிக்க ஷாம்புவைவிட ஒரு வாளி கூடுதலாகப் பிடிக்கும், மே மாதத்தில் அதற்கு எங்கே போவது?

மில்லிலிருந்து வந்த சூட்டிலேயே எழுதுகிறேன். மதினி, காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற உங்களுக்கு அரப்பு வேண்டாம். விலை குறைந்த ஷாம்புவே வாங்கிக்கோங்க. எண்ணெயை மட்டும் முந்தின ராத்திரியே வைங்க. ஷாம்புவை முடியின் நீளத்துக்குத் தேய்க்காம தலைத்தோலுக்கு மட்டும் போடுங்க. கடைசி ரெண்டு செம்பு நல்ல தண்ணியில அலசுங்க. என்னிடம் இன்னும் அரைக் கிலோ இலை காய்ந்துகொண்டிருக்கிறது, நான் விடுவதாக இல்லை.