கோவையும் மதுரையும்: சென்னைக்கு அடுத்த நகரம் எது?

சென்னைக்கு அடுத்த நகரம் எது என்ற பேச்சு எழுந்தால், கோவையைச் சேர்ந்தவர்கள் தொழிற்கூடங்களையும் வேலைவாய்ப்பையும் முன்வைக்கிறார்கள். மதுரையைச் சேர்ந்தவர்கள் ஈராயிரம் ஆண்டு வரலாற்றையும், தென்மாவட்டங்கள் முழுவதற்கும் தங்கள் நகரமே தலைநகரம்போல் விளங்குவதையும் முன்வைக்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆயினும், இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டுமானால், ஒரு நகரம் தன்னை நம்பியிருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கு எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கும்போது, இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெருமை பேசுவோர் காட்டுவதைவிடக் கூர்மையாகத் தெரிகிறது.

எண்ணிக்கையை விரைவாகப் பார்த்துவிடலாம். 1866ஆம் ஆண்டில் இரண்டுமே நகராட்சிகளாயின. சென்னைக்கு அடுத்து மாநகராட்சித் தகுதி பெற்றது மதுரை. அது நடந்தது 1971இல். கோவை அதற்காகப் பத்து ஆண்டுகள் காத்திருந்து 1981இல்தான் மாநகராட்சியானது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கோவை நகர்ப்புறத் தொகுதியில், அதாவது மாநகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த பரப்பில், ஏறத்தாழ 21 லட்சம் பேரும் மதுரை நகர்ப்புறத் தொகுதியில் 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களும் வாழ்ந்தார்கள். முந்தியது பிந்தியதற்கு என்ன காரணம் என்பதுதான் இந்த ஒப்பீட்டின் உயிரான பகுதி.

இரண்டுமே பஞ்சாலை நகரங்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் முதல் ஆலையைத் தொடங்கினார். மதுரையிலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஹார்வி சகோதரர்களின் ஆலை வந்துவிட்டது. பின்னர் கருமுத்து தியாகராசர் மீனாட்சி ஆலையை நிறுவினார். ஆக, தொடக்கப் புள்ளியில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு 1930களில் ஏற்பட்டது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் சமவெளிக்கு வந்ததும், கோவையைச் சுற்றிக் கரிசல் மண்ணில் பருத்தி விளைவித்த வேளாண் குடும்பங்களே ஆலை முதலாளிகளாக மாறத் தொடங்கின. ஆலைகள் பெருகியதால் அவற்றின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் தோன்றின. பட்டறைகளிலிருந்து வார்ப்படத் தொழிலும், வார்ப்படத் தொழிலிலிருந்து மோட்டார், பம்ப்செட் உற்பத்தியும், பின்னர் நூற்பு இயந்திரங்களையே முழுமையாகத் தயாரிக்கும் ஆற்றலும் வளர்ந்தன. ஜி.டி. நாயுடு 1937இல் மின்மோட்டார் தயாரிப்பில் இறங்கியதும், 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவப்பட்டதும் இந்த வரிசையில் வந்தவைதான். ஒவ்வொரு தொழிலும் அடுத்த தொழிலுக்குத் தேவையான கைத்திறனை விட்டுச்சென்றது. ஒரு பட்டறையில் லேத் ஓட்டக் கற்றவர், சில ஆண்டுகள் கழித்துச் சொந்தமாக ஒரு லேத் வாங்கி, பிற நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்வது கோவையில் வழக்கமான வாழ்க்கைப் பாதையாயிற்று.

மதுரையில் அந்தச் சங்கிலி நீளவில்லை. ஆலைகள் சில பெரிய கைகளிலேயே இருந்தன. அவற்றைச் சுற்றிச் சிறு முதலாளிகளின் ஒரு படை உருவாகவில்லை. இதைவிட வருத்தத்துக்குரியது டி.வி.எஸ். குழுமத்தின் கதை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களின் தொடக்கத்தில் மதுரையிலிருந்துதான் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். அந்தக் குடும்பத்தின் நிறுவனங்கள் நாட்டின் வாகன உதிரிபாகத் துறையிலும் இருசக்கர வாகனத் துறையிலும் முன்னணிக்கு வந்தபோது, அவற்றின் பெரிய தொழிற்சாலைகள் சென்னையைச் சுற்றியும் ஓசூரிலும் எழுந்தன. துறைமுகம், சந்தை, மாநில எல்லையின் அருகாமை என்று அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அந்த முடிவுகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், மதுரையில் முளைத்த மூலதனம் வேறிடத்தில் காய்த்தது. கோவையில் முளைத்தது கோவையிலேயே திரும்பத் திரும்ப விதைக்கப்பட்டது. இரு நகரங்களின் இன்றைய நிலைக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கோவையின் வலிமையை மிகைப்படுத்தவும் கூடாது. அங்குள்ள, ஒன்றிய அரசுக்குச் சொந்தமான தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்துக்காக மூடப்பட்டவை. அதன்பின் அவற்றின் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியும் அவற்றில் பழையபடி உற்பத்தி தொடங்கவில்லை. 2022இல் மின்கட்டணம் உயர்த்தப்பட்டபோது, நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் தாங்க முடியாமல் குறுந்தொழில் முனைவோர் வீதிக்கு வந்தார்கள். மின்சாரத்தால் வளர்ந்த நகரம் மின்கட்டணத்தால் தடுமாறுவதை அரசு சிறிய செய்தியாகக் கருதிவிடக் கூடாது. பம்ப்செட்டும் வெட் கிரைண்டரும் செய்யும் பட்டறைகளில் ஐந்து பேர், பத்து பேர் என்று வேலை செய்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் கோவையின் பொருளாதாரம் விளங்கும். அலுவலகக் கட்டடங்களை மட்டும் எண்ணினால் விளங்காது.

இனி மதுரையின் பக்கம். அது மக்களை ஒரே இடத்தில் கூட்டுவதற்கென்றே அமைந்த நகரம். மீனாட்சி அம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக விரிகின்றன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்ட இடத்தில் வெளி வீதிகள் உருவாயின. வழிபாட்டுக்கு வந்தவர்களுக்காகத் தோன்றிய கடைவீதிகள் நகை, துணி, தானியம், பாத்திரம் என்று வீதிக்கு ஒரு வணிகமாகப் பிரிந்து, இன்றும் தேனி, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் மொத்த வியாபாரத்தைத் தாங்குகின்றன. இரவெல்லாம் பேருந்தும் பூச்சந்தையும் உணவுக்கடையும் இயங்குவதால் தூங்கா நகரம் என்ற பெயர் அதற்கு இன்னும் பொருந்துகிறது.

இந்த இயல்புக்கு ஏற்ப நிறுவனங்களும் மதுரைக்கு வந்தன. 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் கிளை அங்கே திறக்கப்பட்டது, தென்மாவட்ட ஏழை வழக்காளிக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு இரவுப் பயணம் செய்து, வாய்தா வாங்கித் திரும்பியவர்களிடம் கேட்டால்தான் தெரியும். காமராசர் பல்கலைக்கழகம் 1966இலும், அமெரிக்கன் கல்லூரி 1881இலும் தொடங்கியவை. 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. நீதி, கல்வி, மருத்துவம் ஆகிய மூன்றையும் நாடி வரும் மக்களின் பரப்பில் மதுரைக்கு நிகராகச் சென்னையைத் தவிர வேறு நகரத்தைச் சொல்வது கடினம். கோவை இந்த வகையில் பின்தங்கியிருப்பதாகச் சொல்லவில்லை. 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனமும், 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வேளாண் கல்லூரியும், 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் அந்த நகரத்தின் வளர்ச்சியோடு பின்னிக் கிடப்பவை. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. கோவையில் படித்தவருக்கு அதே நகரத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மதுரையில் படித்து முடித்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ கோவைக்கோ திருப்பூருக்கோ புறப்படுகிறார். தென்மாவட்டங்களின் உழைப்பாளர்கள் குடும்பம் குடும்பமாகக் கொங்குப் பகுதிக்கு நகர்வது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. வழக்குக்கும் வைத்தியத்துக்கும் மதுரை, பிழைப்புக்குக் கோவை என்ற இந்தப் பிரிவினையை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் எவரும் அதைத் திருத்தவும் முயலவில்லை.

தண்ணீரில் இரு நகரங்களும் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபோல இருக்கின்றன. கோவையின் புகழ்பெற்ற சிறுவாணி நீர் கேரளத்துக்குள் இருக்கும் அணையிலிருந்து வருகிறது. மதுரையின் வைகை, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த அணையும் கேரள எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு நகரங்களின் குழாயும் அண்டை மாநிலத்தோடான உறவைச் சார்ந்தது. உள்ளூர் நீர்நிலைகளைக் காத்ததில் கோவையின் கை சற்று ஓங்கியிருக்கிறது. நொய்யல் சாயத்தாலும் கழிவாலும் சீரழிந்தபோதிலும், உக்கடம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளங்கள் ஏதோ ஒரு வடிவில் நிற்கின்றன. மதுரையில் கண்மாய்கள் கட்டடங்களுக்கு இடம்கொடுத்துச் சுருங்கிவிட்டன. 2024 அக்டோபரில் பெய்த கனமழையில் செல்லூர்ப் பகுதி வெள்ளத்தில் சிக்கியதற்கு இந்தச் சுருக்கம்தான் முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

போக்குவரத்தில் கோவை பல படிகள் முன்னால் இருக்கிறது. அதன் விமான நிலையம் 2012இல் பன்னாட்டுத் தகுதி பெற்றது. மதுரையிலிருந்து வெளிநாட்டுக்கு விமானங்கள் பறந்தாலும் அந்தத் தகுதிக்கான கோரிக்கை நீண்ட காலமாகக் கோரிக்கையாகவே இருந்தது. உயர்மட்டச் சாலைகளில் இரண்டும் சமமாகவே நடந்துள்ளன: மதுரையில் நத்தம் சாலைப் பாலம் 2023இலும், கோவையில் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள அவிநாசி சாலைப் பாலம் 2025 அக்டோபரிலும் திறக்கப்பட்டன. மெட்ரோ ரயிலிலும் இரண்டுக்கும் ஒரே விதி நேர்ந்தது. அவிநாசி சாலை, சத்தி சாலை வழியாகக் கோவைக்கும், திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை மதுரைக்கும் தயாரிக்கப்பட்ட திட்ட அறிக்கைகளை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள்தொகை என்ற வரம்பு காரணமாகச் சொல்லப்பட்டது; கோவைக்கு நகர்ப்புறத் தொகுதியின் எண்ணை விட்டுவிட்டு மாநகராட்சி எல்லைக்குள் வாழ்வோரின் எண்ணையே கணக்கில் கொண்டார்கள். 2011க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்காத நிலையில் அந்தப் பழைய எண்ணை வைத்து நகரங்களை அளப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. எனினும், நெரிசலின் அளவையும் நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோரின் எண்ணிக்கையையும் பார்த்தால், முதலில் ஒன்றுக்குத்தான் அனுமதி என்றால் அது கோவையாகவே இருக்க வேண்டும்.

வேலைவாய்ப்புக்கான அடுத்த பெரிய அரசு முதலீடு எங்கே வர வேண்டும் என்று கேட்டால், தயக்கமின்றி மதுரை என்பேன். தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் மாணவர்கள் 2022இல் இராமநாதபுரத்தில் படிக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதம் ஒரு மருத்துவமனையின் தாமதமாக மட்டும் பார்க்கப்படுகிறது. உண்மையில், மதுரை தன் சொந்த இயல்பிலிருந்தே ஒரு தொழிலை வளர்த்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பின் தாமதம் அது. அதற்கு முன்மாதிரி அந்த நகரத்திலேயே இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக்கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்து உலகப் புகழ் பெற்றது. அங்கே அறுவைச் சிகிச்சைகள் பெருகப் பெருக, கண்ணுக்குள் பொருத்துவதற்காக இறக்குமதி செய்யப்பட்ட கண்வில்லைகளின் விலை பெருந்தடையாயிற்று. அதை உடைக்க 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டு, மதுரையிலேயே வில்லைகள் தயாரிக்கப்பட்டு, மிகக் குறைந்த விலையில் பல நாடுகளுக்கும் சென்றன. நோயாளிகள் திரளும் நகரம் மருத்துவக் கருவி செய்யும் நகரமாகவும் ஆக முடியும் என்பதை அது காட்டிவிட்டது. பைக்காரா மின்சாரம் கோவைக்குச் செய்ததை, தென்மாவட்ட நோயாளிகளின் திரளும் அரசு மருத்துவமனைகளின் கொள்முதலும் மதுரைக்குச் செய்யலாம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பகுதியை மருத்துவக் கருவிகளுக்கும் கண்ணாடி, நுண் உதிரிபாகங்களுக்கும் ஒதுக்கி, கோவையின் பட்டறை உரிமையாளர்களையே அங்கே கிளை தொடங்க அழைத்தால், இரு நகரங்களின் கைத்திறனும் ஒரே உற்பத்திச் சங்கிலியில் சேரும்.

அதற்கு இரண்டுக்கும் இடையிலான பாதை சீராக வேண்டும். ஏறத்தாழ 210 கிலோமீட்டர் தூரத்தை மக்கள் பெரும்பாலும் சிங்காநல்லூரில் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கும் பேருந்துகளிலேயே கடக்கிறார்கள். பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாகச் செல்லும் ரயில் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், அதில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கை தேவைக்கு மிகவும் குறைவாகவே இருக்கிறது. இரு நகரங்களின் வணிகர் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ரயில்வேயிடம் சேர்ந்து வைக்க வேண்டிய முதல் கோரிக்கை, காலையில் புறப்பட்டு வேலை முடித்து அன்றிரவே திரும்பும்படி இந்தத் தடத்தில் இரு திசையிலும் விரைவு ரயில்கள் வேண்டும் என்பதே.