வெஸ்ட்ஃபாலியா ரி2: வீட்டுக் கராஜில் திருத்திய பயண வானுடன் பல கோடைகள்

ஃபோல்க்ஸ்வாகன் நிறுவனம் 1967 முதல் 1979 வரை ஜேர்மனியில் தயாரித்த ரி2 வானை வாங்கி, அதற்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மேலெழும் கூரை எல்லாம் பொருத்திக் கொடுத்தது வீடன்புரூக் நகரத்து வெஸ்ட்ஃபாலியா நிறுவனம். அப்படி வந்த ஒரு வான் எங்களிடம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு வண்டி. பின்புறத்தில் காற்றால் குளிரும் 1600 சிசி எஞ்சின், 50 குதிரைவலு. ஜேர்மனியின் மேற்கே, எங்கள் வீட்டுக் கராஜிலேயே அதைக் கழற்றி, கறள் தின்ற இடங்களை வெட்டி, புதுத் தகடு வைத்து, மீண்டும் பூட்டி, பல கோடைகளாகக் குடும்பத்தோடு ஓட்டி வருகிறோம். இத்தனை காலப் பாவனையில் எனக்கு உறுதியானது ஒன்று. இந்த வண்டிக்குள் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று தேடிப் பிடித்து அடைப்பதுதான் முதல் வேலை. எஞ்சின், இருக்கைத் துணி, வர்ணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எஞ்சினை எத்தனை முறையும் புதுப்பிக்கலாம். உடல் போனால் வண்டி போயிற்று.

மழைத்தண்ணீர் முதலில் கைவைப்பது முன்கண்ணாடியின் கீழ் மூலைகளில். பழைய ரப்பர் இறுகிச் சுருங்கியதும் அதன் அடியில் ஈரம் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வர்ணத்தில் சிறு குமிழ் மட்டுமே தெரியும். எங்கள் வானில் ரப்பரைக் கத்தியால் வகுந்து கண்ணாடியை எடுத்தபோது, சட்டத்தின் கீழ்ப்பகுதி பழுப்புத் தூளாக டாஷ்போர்ட்டின் மேல் கொட்டியது. விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. கூரையோரத்து மழைநீர்க் கால்வாயின் பொருத்து, பற்றரி வைக்கும் தட்டு, ஜாக் கொடுக்கும் இடங்கள், சக்கர வளைவுகள் என்று மற்ற இடங்களும் இதே கதைதான். ஆனால் உண்மையான செலவும் உழைப்பும் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் அடித்தட்டில் இருக்கிறது. அது ஒற்றைத் தகடல்ல. வெளித்தகடு, நடுவே வலுவூட்டும் தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. வெளித்தகட்டை மட்டும் மாற்றி வர்ணம் அடித்து விற்கப்பட்ட வண்டிகள் ஏராளம். அவற்றில் நடுத்தகடு இல்லாமலே போயிருக்கும்.

இந்த அடித்தட்டை வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவதில் அடித்தட்டுக்கும் பங்கு உண்டு என்பதால், தாங்கல் இல்லாமல் வெட்டினால் உடல் மெல்லத் தொய்யும். பிறகு பக்கவாட்டு இழுகதவு வாழ்நாள் முழுவதும் ஒழுங்காகப் பூட்டாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டோம். வெல்டிங்கைத் தொடர் கோடாக இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி, ஒரு கை தள்ளி இன்னொரு புள்ளி என்று வைத்து, நடுவே சூடு ஆற விட்டால்தான் மெல்லிய தகடு நெளியாது. தகடுகள் ஒன்றோடொன்று சேரும் முகங்களில் வெல்டிங் சூட்டைத் தாங்கும் துத்தநாகப் பூச்சு, வேலை முடிந்த பின் உட்பொந்துகளுக்குள் நீண்ட குழாய் விட்டுத் தெளித்த மெழுகு: இவ்விரண்டையும் விட்டுவிட்டுச் செய்யும் வெல்டிங், சில குளிர்காலங்களில் மறுபடியும் கறளாகிவிடும். மெழுகை இடையிடையே புதுப்பிக்கிறேன். அந்த அடித்தட்டுகள் இன்றும் தட்டினால் திடமாக ஒலிக்கின்றன.

மேலெழும் கூரையின் துணியை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. தைத்த துணி கடையில் கிடைக்கிறது. ஈரத்தோடு கூரையை மூடி வைக்கக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. மழையில் முகாமைக் கலைத்துப் புறப்பட்டால், வீடு வந்ததும் முதல் வேலை கூரையைத் தூக்கிக் காய விடுவதுதான்.

அடுத்து, எதற்காகவும் தள்ளிப்போடக் கூடாத வேலை பெற்றோல் குழாய்கள். இந்த வான்கள் எஞ்சினில் தீப்பிடித்து எரிந்துபோவது அரிதல்ல. துணி சுற்றிய பழைய ரப்பர்க் குழாய் உள்ளே வெடித்திருந்தாலும் மேலே சுற்றிய துணி அதை மறைத்துவிடும். பெற்றோலில் இன்று கலக்கப்படும் எத்தனோல் பழைய ரப்பரை விரைவாகக் கெடுக்கும். எஞ்சின் உறையோ மக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் மூட்டும். பெற்றோல் தாங்கியின் மேல் இருக்கும் காற்றுக் குழாய்களைத் தொடுவதற்கு எஞ்சினை இறக்க வேண்டும் என்பதால் பலர் அவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நாங்கள் எஞ்சினை இறக்கிய வேளையிலேயே தாங்கியைக் கழற்றி, எல்லாக் குழாய்களையும் எத்தனோல் தாங்கும் வகைக்கு மாற்றினோம். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றருக்குள் பெற்றோல் நுழையும் பித்தளை மூக்கு அழுத்திப் பொருத்தப்பட்டது. காலப்போக்கில் தளர்ந்து கழன்று வரக்கூடியது. அதையும் இழுத்துப் பார்க்க வேண்டும். குழாய்கள் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். தீயணைப்பான் ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலேயே இருக்கிறது.

எஞ்சினைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும். இதற்கு ஒயில் வடிகட்டி கிடையாது, கம்பி வலை ஒன்று மட்டுமே. கொள்ளளவு ஏறத்தாழ இரண்டரை லீற்றர். ஆகவே 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலை மாற்றி, அதே வேளையில் வால்வு இடைவெளியையும் சரிபார்க்கிறேன். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், வண்டிக்கு அடியில் படுத்து, மூடியை நெம்பி எடுத்து, 0.15 மில்லிமீற்றர் தடிப்புள்ள அளவுத் தகட்டை இடைவெளியில் விடும்போது அது தடையில்லாமல் ஓடவும் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது. மெல்லிய இழுவை கையில் தெரிய வேண்டும். தளர்ந்த வால்வு டிக் டிக் என்று சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறுகிய வால்வு சத்தமே போடாது, ஆனால் சரியாக மூடாமல் சூடேறி எரிந்துபோகும். மூன்றாம் சிலிண்டரின் வெளியேற்று வால்வைத்தான் நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பது. இதைப் போலவே முக்கியமானவை எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகடுகளும் ரப்பர் ஓரங்களும். கீழே இருக்கும் சூடான காற்று மீண்டும் விசிறிக்குள் போகாமல் தடுப்பவை அவை. அழகுக்காக எஞ்சினுக்குக் குரோமியம் பூசியவர்கள் கூட இவற்றைத் தொலைத்துவிட்டு ஓட்டுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

உள்ளே சமைப்பவர்கள் எரிவாயு அமுக்கத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஜேர்மனியின் பழைய பயண வண்டிகள் 50 மில்லிபார் அமைப்பு, புதியவை 30. அடுப்பில் எழுதியிருப்பதும் அமுக்கச் சீராக்கியில் எழுதியிருப்பதும் ஒன்றாக இல்லாவிட்டால் தீ சரியாக எரியாது, ஆபத்தும் கூட. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதியுள்ளவரிடம் கொடுத்துக் கசிவுச் சோதனை செய்விக்கிறோம். இந்த ஒரு வேலையை மட்டும் நான் வீட்டில் செய்வதில்லை.

ஓட்டும் அனுபவம் பொறுமைக்காரருக்கு ஏற்றது. நெடுஞ்சாலையில் லொறிகளின் வேகமே எங்கள் வேகம். ஏ7 சாலையில் காசல் நகரத்தை அண்டிய ஏற்றங்களில் மூன்றாம் கியரில் லொறிகளோடு வரிசையில் ஏறுவோம். உயரமான பாலங்களில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும், ஸ்டியரிங்கை விட்டுக்கொடுக்காமல் பிடிக்க வேண்டும். நூறு கிலோமீற்றருக்குப் பன்னிரண்டு லீற்றர் அளவில் குடிக்கிறது. முப்பது ஆண்டு கடந்து அசல் நிலையில் பேணப்பட்ட வாகனங்களுக்குக் கிடைக்கும் எச் இலக்கத் தகட்டினால் ஆண்டு வரி 191.73 யூரோவோடு நிற்கிறது. நகரங்களின் புகைக் கட்டுப்பாட்டு வலயங்களுக்குள்ளும் போகலாம். 2017 முதல் எச் தகட்டை, ஆண்டின் குறித்த மாதங்களுக்கு மட்டும் செல்லும் பருவகாலத் தகடாகவும் எடுக்க முடிவதால், பனியைக் கரைக்க வீதியில் உப்புப் போடும் மாதங்களில் வான் வீட்டிலேயே நிற்கிறது. அடித்தட்டுகளைக் காப்பாற்றுவதில் மெழுகுக்கு இணையான பங்கு இதற்கு உண்டு.

குளிர்தான் இன்னும் தீராத குறை. எஞ்சின் விசிறியின் காற்று புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் சூடேற்றிப் பெட்டியில் சூடாகி, வண்டியின் முழு நீளத்தையும் கடந்து முன்னே வருவதற்குள் பாதிச் சூடு போய்விடும். அந்தப் பெட்டியில் ஓட்டை விழுந்தால் புகையே உள்ளே வரும் என்பதால், கார்பன் மொனொக்சைட் எச்சரிப்பான் ஒன்றைப் படுக்கையருகே பொருத்தியிருக்கிறோம்.

இதே வகை வானைத் தேடுகிறவர்களுக்கு: எஞ்சின் ஓடாத, உடல் நல்ல வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். கலிஃபோர்னியாவில் ஓடி இங்கே திரும்பி வந்தவற்றில் ரப்பரும் துணியும் வெயிலில் காய்ந்திருக்கும், ஆனால் தகடு தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் அடித்தட்டு, சக்கர வளைவு, முன்கண்ணாடி மூலை ஆகியவற்றில் மெல்ல நகர்த்துங்கள். காந்தம் பிடி விடும் இடத்தில் தகட்டுக்குப் பதில் ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டிப் பசை இருக்கிறது. வண்டியை ஜாக்கில் உயர்த்தச் சொல்லி, அப்போது இழுகதவு முன்போலவே திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். ஜாக் வைக்க விற்பவர் தயங்கினால், விலை பேச வேண்டாம்.